ஜன்னலுக்கு வெளியே ஊதிய ஈக்கள்

அப்போது எனக்கு எட்டு வயது. அக்கா மேல்படிப்புக்கு லண்டன் போகக் கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் மூன்று வாரம். அதற்குள் பழ ஈக்களைப் பற்றிய ஒரு கணக்கைப் பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். அது முடிந்த மறுநாளிலிருந்து என்னோடுதான் இருப்பேன், சாங்கிக் கடற்கரைக்கு அழைத்துப்போவேன் என்று சொல்லியிருந்தாள்.

சிராங்கூன் சாலையில் எங்கள் மாடிவீட்டு மேசைமேல் பால் போத்தல்கள் வரிசையாக நின்றன. உள்ளே மசித்த வாழைப்பழமும் எள்ளளவு ஈக்களும். "வீட்டு ஈ பத்தாதுன்னு போத்தல்ல வேற வளக்கிறா லா," என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

எண்ண வேண்டிய நாளன்று அக்கா ஈதர் காட்டி ஈக்களை மயக்கி வெள்ளைத் தட்டில் கொட்டினாள். சாம்பல் உடம்பும் நீள இறக்கையும் ஒரு பக்கம். கறுப்பு உடம்பும் குட்டை இறக்கையும் மறுபக்கம். தூரிகையால் எப்படிப் பிரிப்பது என்று அவள் காட்டிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. மூங்கில் கம்பில் காயும் துணியை எடுக்க அம்மா கூப்பிட, ஓடினாள்.

தினமும் பருப்பில் கல் பொறுக்குவது என் வேலை. அதைத்தான் இங்கேயும் செய்தேன். சாம்பல் உடம்பில் குட்டை இறக்கை, கறுப்பு உடம்பில் நீள இறக்கை என்று எதிலும் சேராமல் சில கிடந்தன. தேக்கா சந்தைப் பழத்தோடு வந்தவை என்று நினைத்து ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டேன்.

திரும்பி வந்தவள் இரண்டு குவியல்களையும் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ஒன்னுகூட மாறி வரலியே."

"சுத்தமா பிரிச்சிட்டேன்க்கா."

"நீ நல்லாத்தான் பிரிச்சிருக்க. நான்தான் ஆணையும் பெண்ணையும் மாத்திப் போட்டுட்டேன் போல."

ஆண் பழ ஈயிடமிருந்து அந்த நிறமும் இறக்கையும் சேர்ந்தேதான் பிள்ளைகளுக்குப் போகும். பெண் ஈயின் பிள்ளைகள் சிலவற்றில் மட்டும் அவை விலகிவிடும். அப்படி விலகியவை நூற்றுக்கு எத்தனை என்பதுதான் இரண்டு மரபணுக்களுக்கும் இடையிலுள்ள தூரம். மேல்வகுப்பில் இதைப் படித்த அன்றுதான் நான் ஊதியது எதை என்று தெரிந்தது.

மறுநாளே அக்கா முதலிலிருந்து தொடங்கப் புக்கிட் தீமாவில் இருந்த பல்கலைக்கழக விடுதிக்குப் போய்விட்டாள். மூன்று வாரமும் அங்கேதான். பிறகு அவளைப் பார்த்தது துறைமுகத்தில், அரைமணி நேரம். லண்டனிலேயே மணம் முடித்துத் தங்கிவிட்டாள்.

ஒவ்வொரு கடிதத்திலும் உண்மையை எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன். என் கைக்குழந்தை அழுதால் பாதியில் எழுந்துவிடுகிறேன். அது சாக்குத்தானோ என்றும் தோன்றுகிறது. சீக்கிரம் முடியட்டும் என்ற ஆசையில்தான் அன்று சரியாகப் பார்க்காமல் ஊதினேனோ?

அன்று மாலை அக்கா தன் நோட்டில் தூரம் என்று எழுதி, எதிரே பூஜ்யம் போட்டாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளில் சாய்ந்து நின்றேன். நடுவில் தூரமே இல்லையென்றால் நல்லதுதானே, இதற்கு ஏன் அக்காவின் முகம் வாடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.