சுவரில் ஜோசப்பின்

பார்க்டேலில் ஒற்றை அறையும் ஒரு பூனையுமாக வாழ்கிற ஜோசப்பினுக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு சின்ன மதுக்கடை மேடையில், தலையில் இறகு செருகிக்கொண்டு, மன்னார்க் கூத்துப் பாட்டுகளை வெள்ளைக்காரருக்குப் பாடுவாள். மற்ற நாட்களில் ஓவியர்களுக்கு முன்னால் உடுப்பில்லாமல் அசையாமல் இருப்பாள். அதுதான் தொழில். முதல் நாள் கூச்சம் பிடுங்கித் தின்றது. அடுத்த கிழமையே கால் விறைப்பதுதான் பெரிய கவலையாகிவிட்டது.

நகரத்தின் மறு அந்தத்தில், மோர்னிங்சைட்டில் இருக்கிற அக்கா வேரோனிக்காவிடம், "படம் கீறப் படிப்பிக்கிற இடத்திலை வேலை" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அக்கா அதைக் கூட்டித் துடைக்கிற வேலை என்று எடுத்துக்கொண்டு, தங்கச்சியின் முழங்காலுக்காகச் செபமாலை சொன்னாள். ஜோசப்பின் திருத்தவில்லை. ஞாயிறு பூசை முடிந்து போய்ச் சாப்பிட அவளுக்கு இந்த ஊரில் இருந்தது அந்த ஒரு வீடுதான். உண்மை தெரிந்தால் அந்தக் கதவும் சாத்தப்படும் என்று பயந்தாள்.

தவக்காலத்தில் கோயில் மண்டபத்தில் திருப்பாடுகளின் காட்சி போடுவார்கள். மாதா வேடம் ஜோசப்பினுக்கு. இறந்த மகனை மடியில் கிடத்தி, பாட்டு முடியும்வரை கண் இமைக்காமல் இருப்பாள். யேசுவாக வருகிறவரோ நல்ல சாப்பாட்டு உடம்புக்காரர். சனம் அதை இறை அருள் என்றது. பழக்கம் என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

இந்த முறை கல்வாரி மலைத் திரைச்சீலை கீற ஆள் இல்லை என்றதும், தனக்குத் தெரிந்த ஓவியர் றிச்சர்டைக் கூட்டிவந்தாள். மனிசன் சும்மாவே கீறிக் கொடுத்தார். அத்தோடு நின்றாரா? நாடகக்காரர் எல்லாரையும் தன்னுடைய கண்காட்சிக்கும் வரச் சொல்லிவிட்டார்.

அழைத்தால் வெறுங்கையோடு போகிற சனமா நாங்கள்? நாடகத்தை நடத்துகிற அன்புராசா அதை ஒரு பாராட்டு விழாவாகவே ஆக்கிவிட்டார். பொன்னாடை, மாலை, பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ், பட்டுச்சேலை கட்டிய பெண்கள். ஜோசப்பினுக்கு விசயம் தெரிந்தது அக்காவின் போனில்தான்.

"நாங்கள் வெளிக்கிட்டிட்டம். நீயும் வா."

அடித்துப் பிடித்து தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்றீட்காரில் ஏறி வந்தாள். அதற்குள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். நடுச்சுவரில், கதிரையில் அமர்ந்தபடி, ஒரு நூலும் இல்லாமல் அவள்.

அன்புராசா கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். எதன்மேல் போர்ப்பது என்று தெரியாமல் நின்றார். மற்றவர்களுக்குத் திடீரென்று ரோல்ஸில் அக்கறை வந்துவிட்டது. வேரோனிக்கா மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தருகே போனாள்.

"அக்கா, நான் சொல்லத்தான்..."

வேரோனிக்கா திரும்பவில்லை. படத்தில் இடது மார்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீளத் தழும்பு. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உது எப்ப வெட்டினது?"

"போன வருசத்துக்கு முதல் வருசம். இப்ப சுகம்."

"ஆஸ்பத்திரிக்கு ஆரோடை போனனி?"

"றிச்சர்ட் வந்தவர்."

வேலையை மறைத்தவளுக்கு மார்பில் வந்த வருத்தத்தையும் மறைக்க வேண்டியிருந்தது. அக்கா கட்டிலருகே வந்து இருந்தால், பார்க்க வருகிற ஓவியர்கள் எல்லாவற்றையும் உளறிவிடுவார்கள் என்று பயந்திருந்தாள். அந்தப் பயம் எவ்வளவு மடத்தனம் என்று இப்போதுதான் உறைத்தது.

"ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாய்," என்றாள் வேரோனிக்கா. "எனக்கு ஏனடி காட்டேல்லை?"

ஜோசப்பின் பட்டுச்சேலைகளுக்கும் ரோல்ஸ் பெட்டிக்கும் நடுவில் நின்று அழுதாள். அக்கா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த செக்கப் எப்ப?"

"வைகாசியிலை."

"நான் வாறன்."