ஓடுகிற வீட்டில் ஒரு தூளி

அந்த வண்டிக்குள் ஏறியதும் என் கண்ணில் பட்டவை கொக்கிகள்தான். அலமாரிக் கதவுகளுக்குக் கொக்கி. சின்ன ஃபிரிட்ஜுக்கு ஒரு கொக்கி. கரண்டி வைக்கும் இழுப்பறை கூடப் பித்தானை அழுத்தினால்தான் திறந்தது. அடுப்பைச் சுற்றிப் பாத்திரம் நகராமலிருக்கக் கம்பி வளைத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையைத் தரையோடு முடுக்கியிருந்தார்கள். கட்டில், கழிப்பறை, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் உள்ள முழு வீடு அது. ஆனால் அதைக் கட்டியவர், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானும் என்றாவது பறக்கும் என்று நம்பிக் கட்டியிருந்தார். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

“இன்னாடா, கோயிலுக்குள்ள வந்தாமாரி நிக்கிற? நகரு,” என்றாள், பின்னால் வாக்கரைப் பிடித்து நின்ற அக்கா.

சாலவாக்கம் பக்கத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். மில்லில் மிஷின் சத்தத்துக்கு நடுவே யாரும் என்னோடு பேச முடியாது. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு அது நல்ல தொழில். எனக்கும் சேர்த்துப் பேசுவது அக்காதான். அவள் குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்துப் பல மாதம் படுக்கையில் கிடந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய ஒரே மகளுக்குப் பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். படுத்திருப்பவள் எப்படிப் பார்ப்பது? சேலம் பக்கத்தில் மாமியார் வீட்டிலேயே பிரசவம் நடந்தது. பெண் குழந்தை. தொட்டில் போட்டது, பெயர் வைத்தது எல்லாம் அங்கேயே முடிந்தது.

“எங்க வூட்டு சார்பா ஒரு துணி கூட அந்தப் புள்ள மேல படல,” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். இடுப்பு வலியைப் பற்றி அவ்வளவு சொன்னதில்லை.

நடக்க ஆரம்பித்ததும், மகளையும் பேத்தியையும் நானே போய்க் கூட்டி வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நெடுநேரம் தொடர்ந்து உட்காரக் கூடாது, நடுநடுவே படுக்க வேண்டும், இன்னொரு அடி பட்டால் நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் மருமகன் வேலை செய்யும் கம்பெனி, சுற்றுலாவுக்கு கேரவன் வாடகைக்கு விடுகிறது. சவாரி இல்லாத நாளாகப் பார்த்து அவர் ஒரு வண்டியை டிரைவரோடு அனுப்பினார். சினிமாக்காரர்கள் வண்டி வந்திருக்கிறது என்று தெருவே கூடிவிட்டது.

டிரைவர் எங்களைவிடச் சின்னவர், வந்தவாசிப் பக்கம். கிளம்புமுன் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடினார். கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். திரும்பினால் அக்கா கட்டிலில் படுத்திருந்தாள்.

“ஓடும்போது படுக்கக் கூடாதும்மா. முன்னப் பாத்தாமாரி கீற சீட்டுல உக்காந்து பெல்ட்டு போட்டுக்கணும்.”

“படுக்கத்தான நைனா இந்த வண்டியே வந்துது?”

“நின்னா படுக்கலாம். எத்தினி தபா சொன்னாலும் நிறுத்தறேன். ஓடினா உக்காரணும்.”

பக்கவாட்டில் மெத்தை போட்ட நீளமான சோபா இருந்தது. அதில் பெல்ட் இல்லை. அதுவும் வண்டி நிற்கும்போது மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். அக்கா முனகிக்கொண்டே எழுந்து சீட்டில் உட்கார்ந்தாள். “அதுவும் நல்லதுக்குத்தான். எந்தப் பக்கம் தலை வெக்கிறது? வண்டி திரும்பிக்கினே கீது. வடக்கால தலை வெச்சாமாரி ஆயிட்டா?” என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

டிரைவர் சொன்னபடியே வழியெல்லாம் நிறுத்தினார். அக்கா படுப்பாள், எழுவாள், பெல்ட்டை மாட்டிக்கொள்வாள். சன்னலில் தென்னந்தோப்பும் டோல்கேட்டும் போய்க்கொண்டே இருந்தன. மேசை மேல் வைத்த தண்ணீர் ததும்பக்கூட இல்லை. ஓடுகிறோம் என்பதே எனக்கு மறந்து மறந்து போயிற்று.

சேலத்தில் ஒரு ராத்திரி தங்கினோம். மறுநாள் காலை கிளம்ப வேண்டும். டிரைவர் குழந்தைக்கென்று ஒரு சீட்டைக் கொண்டுவந்திருந்தார். கூடை மாதிரி, உள்ளே பட்டைகளோடு. அதை எங்கள் வரிசை சீட்டில், குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்து அவர் கீழே இறங்கியதும் அக்கா தன் பையிலிருந்து பழைய கைத்தறிப் புடவை ஒன்றை எடுத்தாள். கட்டிலுக்கு மேலே இன்னொரு படுக்கை உண்டு. அதன் இரும்புச் சட்டத்தில் புடவையைப் போட்டு, என்னை முடிச்சுப் போடச் சொன்னாள். போட்டேன். நல்ல தூளி. இழுத்துப் பார்த்தேன், என் பாரத்தையே தாங்கும்.

உள்ளே வந்த டிரைவர் தூளியைப் பார்த்தார். வண்டிச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ரயில்ல கட்றாங்க. லாரில கூட கட்டிக்கினு போறாங்க. இங்க மட்டும் இன்னா?” என்றாள் அக்கா.

“ரயிலு நம்ம வண்டியாட்டம் திடீர்னு பிரேக் போடாதும்மா. லாரில கட்றவங்கள நான் இன்னா சொல்றது?”

“அதுக்காக எம் பேத்தி எல்லாருக்கும் முதுவு காட்டிக்கினு, கட்டிப் போட்ட கன்னுக்குட்டியாட்டம் வரணுமா? மொத மொத எங்க வூட்டு தூளில படுத்துக்கினு வரட்டும். கீழ வுழுந்தா என்னக் கேளு.”

“வுழுந்தப்பறம் யாரும்மா யாரக் கேக்கறது?”

வாசலில் குழந்தையை ஏந்தி நின்ற அக்கா மகள் என்னைப் பார்த்தாள். “மாமா, நீ சொல்லு மாமா. நீ சொன்னா அம்மா கேக்கும்.”

நான் சொல்லி அக்கா கேட்டதாக எனக்கு நினைவில்லை. இருந்தாலும் சொன்னேன். “கரண்டிக்கே கொக்கி போட்டுக்கிறாங்கக்கா.”

“கரண்டியும் எம் பேத்தியும் ஒண்ணாடா?”

அக்கா மகளுக்குக் கஞ்சி காய்ச்ச என் மில்லில் அரைத்த கேழ்வரகு மாவு, துணிப் பையில், வண்டியிலேயே இருந்தது. “குழந்தை பாரத்துக்கு மாவ வெச்சி ஒரு தபா பாத்துடலாமா?” என்றேன். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

குழந்தையை அப்போதுதான் முதல் முறையாக வாங்கினேன். தூக்கத்தில் உதட்டைக் குவித்தது. அந்தப் பாரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு குழந்தையை அதன் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். பையிலிருந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, இரண்டும் ஒன்று என்று கைக்குப் பட்டதும் நிறுத்தினேன். பையைத் தூளியில் படுக்க வைத்தேன்.

நானும் வருகிறேன் என்று அக்கா அடம் பிடித்தாள். இடுப்புக்கு ஆகாது என்று டிரைவர் இறக்கிவிட்டார். சம்பந்தி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் மகளும் குழந்தையும். நான் மட்டும் உள்ளே, பெல்ட் போட்டு, தலையைத் திருப்பித் தூளியைப் பார்த்தபடி இருந்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத ஏரிக்கரைத் தெரு அது. டிரைவர் கோடி வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். பெரிய வேகமில்லை. ஊருக்குள் மொபெட் போகிற வேகம். தூளி தாலாட்டுகிற மாதிரி அழகாக ஆடியது. அக்கா சொன்னதுதான் சரியோ என்று நினைத்தேன்.

வாசலுக்கு நேரே பிரேக் போட்டார்.

பெல்ட் என் மார்பை அழுத்திப் பிடித்தது. தூளி பிடிக்கவில்லை. அது என் தலைக்கு மேலே எழும்பிக் கூரைப் பக்கம் போனதைப் பார்த்தேன். பை அதிலிருந்து வெளியே வந்தது. அவசரமே இல்லாமல் வந்ததுபோல இருந்தது. எதிரே அலமாரியின் மூலையில் தொம்மென்று மோதி வெடித்தது. அடுத்த நொடி எனக்கு எதுவும் தெரியவில்லை. வண்டி முழுக்க மாவு.

மில்லில் சுவிட்சை அணைத்த பிறகும் கல் சுற்றிக்கொண்டிருக்கும். கரண்டுதான் போய்விட்டதே என்று கை வைத்தால் விரல் இருக்காது. இத்தனை வருடம் தினமும் அதைப் பார்க்கிறேன். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற நாமும் அந்தக் கல்தான் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டி நின்றது. மாவுக்கு யாரும் நில் என்று சொல்லவில்லை. சத்தமில்லாமல், தண்ணீர்கூடத் ததும்பாமல் வந்தோமே, அந்த வேகம் எல்லாம் எங்கள் உடம்புக்குள் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறது. பயமா என்றால் பயம் மட்டுமில்லை. சாமி புறப்பாட்டில் தேர் நகரும்போது நெஞ்சுக்குள் ஒன்று எழுமே, அதுபோல.

கதவைத் திறந்து இறங்கினேன். தலை, மீசை எல்லாம் மாவு. மற்ற நாளாக இருந்தால் அக்கா ஒரு வாரத்துக்குச் சிரிப்பாள். அவள் சிரிக்கவில்லை. சன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பை மோதிய சத்தம் வெளியே வரை கேட்டதாம். குழந்தையின் தலையைத் தன் உள்ளங்கையால் மூடியிருந்தாள்.

“டிரைவரு, அந்தக் கூடைல எந்தப் பட்டைய எங்க மாட்டணும், காட்டு,” என்றாள்.

டிரைவர் பொறுமையாகக் காட்டினார். பட்டை தோளோடு ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் ஒரு விரல் நுழைகிற இடம் போதும் என்றார். அக்கா இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “இந்தப் பொடவைய அவளுக்கு அடியில விரிச்சிக்கலாமா?” என்று கேட்டாள். அவள் யாரிடமும் அப்படி அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

“அடியில வேணாம்மா, பட்டை தளர்ந்துடும். மாட்டி முடிச்சிட்டு மேல போத்துங்க.”

புடவையை நானும் அவளுமாக உதறினோம். மடித்துப் பட்டைகளுக்கு மேலே குழந்தையின் கால் வரை போர்த்தினாள். இரண்டு பக்கமும் அம்மாவும் ஆயாவும் பெல்ட் போட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு டிரைவர் பக்கத்து சீட்டு.

பாதி வழியில் குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. பசி. நெடுஞ்சாலையில் ஓரம் கட்ட இடமில்லை, இருபக்கமும் தடுப்பு. அழுகை ஏறியது. அக்கா மகளின் கை பட்டையின் பூட்டுக்குப் போனது.

“கைய எடுடி,” என்றாள் அக்கா.

“தொண்ட காயுதும்மா. ஒரு நிமிஷம் மடில வெச்சிக்கறேன்.”

“அழட்டும். அழுவுற புள்ள உசுரோட கீற புள்ள. டிரைவரு, எடம் பாத்து நிறுத்து நைனா, ஓட்டிக்கினே வா, அவசரப்படாத.” குழந்தையின் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டு, அது அழுத நேரமெல்லாம் கூடவே என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தாள். தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் அடுப்பை அப்படியே விட்டு ஓடுகிறவள் அவள். நான் திரும்பிப் பார்க்காமல் சாலையையே பார்த்தேன்.

ஒரு டீக்கடைப் பக்கம் அகலமான மண் தரை வந்தது. வண்டி நின்றது. இஞ்சின் அடங்கியது. அதற்குப் பிறகுதான் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அழுகை விக்கலாகி, விக்கல் பால் குடிக்கிற சத்தமாயிற்று. அக்கா கட்டிலில் போய்ப் படுத்தாள்.

அப்போது சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி போனது. எங்கள் வீடு முழுக்க ஒருமுறை அசைந்தது. இன்னொரு லாரி. மறுபடி அசைவு. சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வண்டி போகும்போதும் தகரம் உள்ளங்கையில் அதிர்ந்தது. கொஞ்ச நேரம் முன்பு நாங்களும் இப்படித்தான், ஓரத்தில் நின்றவர்களை உலுக்கிக்கொண்டு, வந்திருக்கிறோம். உள்ளே ஒரு குழந்தை புடவை போர்த்தித் தூங்கியிருக்கிறது.

“குடிச்சிட்டாளா?” என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

“இன்னும் குடிக்கிறாம்மா.”

“குடிக்கட்டும். இன்னா அவசரம்? டிரைவர ஒரு டீ குடிச்சிட்டு வரச் சொல்லு.”

இதைச் சொல்ல நான் கீழே இறங்கினேன். டிரைவர் குனிந்து, டயர்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.