கதவுக்குப் பின்னால் நின்ற குட்டி ஆரஞ்சு

"அவ கை பட்ட ஒரு சாமானும் இந்த வீட்ல ஒரு இஞ்ச் நகராது. நான் இருக்கிற வரைக்கும் நடக்காது!"

மனைவியின் சாவுக்கு வந்த உறவுக்கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்று தையல்காரர் முழங்கியது இது. நாள் முழுக்க இஞ்ச் டேப்போடு மல்லுக்கட்டுகிறவர் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். அவரும் சொன்ன சொல்லில் நின்றார். அவள் செருப்பு நடையின் நட்டநடுவில் கிடந்தது. வந்தவர்கள் ஆற்றைத் தாண்டுவதுபோல் அதைத் தாண்டினார்கள். அவள் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உட்கார்ந்தவர்கள் சுவரிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இந்தச் சட்டத்தில் கதவுக்குப் பின்னால் இருந்த தொட்டியும் மாட்டிக்கொண்டது. அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி ஆரஞ்சு மரம். கோலிக்குண்டு அளவு பழம். கடித்தால் காது வரைக்கும் புளிக்கும், பார்த்து ரசிக்க மட்டும்தான். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவள் வளர்த்ததில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான். அவர் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். அது தவறாமல் இலையைக் கொட்டியது.

ஒருநாள் மைத்துனி வந்தாள். கதவை விலக்கிப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மாமா, இது ஏன் இன்னும் இங்கயே இருக்கு?"

"உங்க அக்கா வெச்ச எடம்."

"பால்கனிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தாங்களே, சுண்ணாம்பு தெறிக்கும்னு அக்கா இதை இங்க தூக்கி வெச்சா மாமா. நான்தான் ஒரு பக்கம் பிடிச்சேன். சுவர் காஞ்சதும் வெளிய வெச்சுடணும்னு சொன்னா. அதுக்குள்ள..."

அவள் ஒரு கிளையை நகத்தால் கீறினாள். உள்ளே மெல்லிய பச்சை.

"உயிர் இருக்கு. ஆனா வெயில் இல்லாம பிழைக்காது. உங்க வீராப்புக்கு அக்கா மரத்தைச் சாகடிச்சிடாதீங்க."

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இப்பவே வெயில்ல வெச்சுடவா?"

"ஐயோ, எடுத்த எடுப்புல வெச்சா இருக்கிற இலையும் கருகிடும். கொஞ்ச நாளைக்குக் காலை வெயில் மட்டும். வெயில் ஏறினதும் உள்ள கொண்டு வந்துடணும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

மறுநாள் காலை தொட்டியை நெஞ்சோடு அணைத்துப் பால்கனிக்குத் தூக்கிப் போனார். வெயில் ஏறியதும், பாதி தைத்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு, கீழே இருந்த தையல் கடையிலிருந்து மாடியேறி வந்து உள்ளே எடுத்து வைத்தார். அடுத்த நாளும் அப்படியே. பிறகொரு காலை, சுவர் நிழல் ஒரு கிளைமேல் விழுவதைக் குனிந்து பார்த்தவர், யாரும் சொல்லாமலே தொட்டியை இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமாக நகர்த்தி வைத்தார்.