சுவரில் ஆடிய நிழல்

வேலையிடத்தில் அவருக்கு ‘ஜன்னல்’ என்று பெயர். உயர்ந்த கட்டிடங்களின் கண்ணாடியைத் துடைக்கும் யாருக்கும் அந்தப் பெயர் பொருந்தும்தான். ஆனால் மற்றவர்கள் அழுக்கைப் பார்ப்பார்கள், இவர் அழுக்குக்கு அந்தப் பக்கம் பார்ப்பார். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை மடக்கி நீட்டும் மேலதிகாரி, தொட்டிச் செடியிடம் ஏதோ முறையிடும் காசாளர் என்று தினமும் ஏதாவது கண்ணில் படும். அதை அலுங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொட்டினால்தான் மனுஷருக்குச் சோறு இறங்கும். அவளும் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தபடி, இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று கேட்கக் காத்திருப்பாள்.

இருவருக்கும் ரொம்பப் பிடித்தவர் நகல் எடுக்கும் அறைக்கு வரும் அம்மாள். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு, தலைக்கு ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. இயந்திரம் தாள்களைத் தள்ளத் தொடங்கியதும், யாருமில்லை என்ற தைரியத்தில் அதன் சத்தத்துக்கு இடுப்பை அசைத்து ஆடுவார். ஜன்னலுக்கு முதுகு, எதிரே வெள்ளைச் சுவர். அவரைப் பார்த்த நாளில் தண்ணீர் வாளிகூடக் கனக்காது.

கயிற்றில் இறங்கும் மேடையில் ஜன்னலுக்குத் துணை அவருடைய சகலை. ஒருநாள் அந்த ஆள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். சிரிக்க வைக்கலாமே என்று ஜன்னல் அந்த அம்மாளைப்போலவே ஆடிக் காட்டினார். துடைக்கும் ரப்பர் பட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பை ஒடித்து, கொஞ்சம் கூடுதலாகவே. சகலை கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கண்ணாடி தடிமன், சத்தம் போகாது. அம்மாளோ திரும்பி நிற்கிறார். பிறகென்ன பயம்?

வழக்கமாக அந்தப் பக்கத்துக்கு மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். அன்று காலையிலேயே இறங்கியிருந்தார்கள். வெயில் முதுகில் அடித்தது. உள்ளே வெள்ளைச் சுவரில், அம்மாளின் கண்ணெதிரே, ஒரு பெரிய நிழல் அவரைப்போலவே ஆடிக்கொண்டிருந்தது.

அம்மாள் ஆட்டத்தை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். உடையை இழுத்துவிட்டுக்கொண்டு, தாள்களைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார்.

அடுத்த முறை போனபோது திரை இறங்கியிருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. இதெல்லாம் ஒரு விஷயமா என்றார் சகலை. ஜன்னலுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டில் வேறு கதைகளைச் சொல்லிச் சமாளித்தார். இனிமேல் அந்த அம்மாள் ஆடவே மாட்டாரோ என்ற நினைப்புதான் அவரை ஒரேயடியாக அரித்தது. நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் திரை ஏறிவிடும் என்று நம்பினார். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கீழ்த்தளத்தில் லிஃப்ட் அருகே காத்திருந்தார். அம்மாள் வந்ததும், அந்த நிழல் தன்னுடையதுதான் என்று தட்டுத்தடுமாறி ஒப்புக்கொண்டார்.

“கிண்டல் பண்ணணும்னு பண்ணலைம்மா. நீங்க ஆடறதைப் பார்த்தா எனக்கு அன்னைக்கு முழுக்க சந்தோஷமா இருக்கும்.”

மனதிலிருந்ததைச் சொல்லிவிட்ட நிம்மதியில் நிமிர்ந்தார். அம்மாளின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“அப்ப, எத்தனை நாளா பார்த்துட்டிருக்கீங்க?”

அம்மாள் கைப்பையை இறுக்கி அணைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது.

வீட்டில் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டாள். ஒன்றும் பார்க்கவில்லை என்றார்.

“அந்த ஆடற அம்மாவைப் பத்தி நீங்க சொல்லியே ரொம்ப நாளாச்சே?”

“அவங்க இப்ப ஆடறதில்லை.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“நான் பார்க்கறேன்னு தெரிஞ்சுபோச்சு.”

அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாளும் அவர் கண் வழியாக அவளும் கூடத்தான் பார்த்திருந்தாள்.