பெரியப்பாவுக்கு இங்கிலீஷில் என்ன?

பீடச் சபை என்றால் என்னவென்று அம்மா ஒருமுறை கேட்டார். ஒரு பீடத்து விரிவுரையாளர்கள் எல்லாரும் மாதம் ஒருமுறை கூடி, யாருக்குப் பட்டம், யாருக்கு லீவு, அடுத்த வருடம் எந்தப் பாடம் என்றெல்லாம் முடிவு செய்யும் கூட்டம் என்றேன். "அப்ப காலையில பெரட்டுல நிக்கிற மாதிரிதான்" என்றார். தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் வேலையைப் பிரித்துக் கொடுத்தால் ஆட்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவார்கள், எங்கள் கூட்டத்தில் பிரித்த வேலையை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஒரு மாதக் கூட்டத்துக்கு முந்தின வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் என் மாணவி ஒருத்தி. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வீட்டிலிருந்து வந்தவள். எங்கள் துறையில் மூன்று வருடமும் முதலாவதாக வந்தவள். இறுதி வருடப் பரீட்சையில் ஒரு பாடத்துக்கு மட்டும் அவள் வரவில்லை. அன்று அவளுடைய பெரியப்பாவின் அடக்கம்.

பரீட்சைக்கு வராத காரணத்தைச் சபை ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை அதை முதல் தடவையாகவே எழுதலாம். அதற்கு 'புரொப்பர்' என்று பெயர். ஏற்காவிட்டால் 'ரிப்பீட்'. ரிப்பீட் என்றால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் வெறும் சித்தி, அதாவது பாஸ்தான், முதல் வகுப்பு கிடையாது. முதல் வகுப்பு இல்லாவிட்டால் விரிவுரையாளர் வேலையை அவள் மறந்துவிட வேண்டியதுதான். அவளுக்கோ பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்த ஒரு வேலையின் மேல்தான் கண். விதியைப் புரட்டிப் பார்த்தேன். பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை ஆகியோரின் மரணம் என்று எழுதியிருந்தது. பெரியப்பாவைக் காணோம்.

சனிக்கிழமை பதுளையில் பஸ் ஏறி, கேதம் கேட்கப் போனேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்யும் அவளுடைய அப்பா வந்திருந்தார். மொட்டை அடித்திருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, அவர் நின்றுகொண்டே பேசினார்.

"நான் பெத்ததோட சரிங்க மிஸ். பள்ளிக்கூடத்துல சேத்தது, காய்ச்சல்னா பதுள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனது, எல்லாம் அண்ணன்தான். அவருக்குப் புள்ளகுட்டி கிடையாது. இது அவரு புள்ளதாங்க."

அவள் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். "புரொப்பரா எழுத விடுவாங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

"விடுவாங்க, விடாம என்ன" என்றேன். வாய்தான் சொன்னது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கே என் மேல் கோபம் வந்தது.

கூட்டம் நடந்த வாரம் மழை விடவில்லை. இரண்டு இடத்தில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டதால் கூட்டத்தைக் கணினி வழியாக வைத்தார்கள். நான் பதுளை வீட்டில், கரண்ட் போகக்கூடாதே என்று மாரியம்மாவை வேண்டிக்கொண்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பிள்ளையின் விஷயம் வந்தது. நிகழ்ச்சிநிரலைப் பார்த்தேன். 'பாட்டனாரின் மரணம்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். அவள் சபைக்குக் கொடுத்த கடிதத்தில் 'மை பிக் ஃபாதர்' என்று எழுதியிருக்கிறாள். பெரிய அப்பா, பிக் ஃபாதர். தப்பென்ன? அலுவலகத்தில் யாரோ நல்ல மனதோடு, பாவம், பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது என்று நினைத்து 'கிராண்ட்ஃபாதர்' என்று திருத்திவிட்டார்கள்.

"பரீட்சை வந்தால் போதும், நாட்டில் பாட்டன்மாருக்குக் கண்டம்தான்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கேறியது. பாட்டன் இல்லை, வளர்த்தவர், உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதா, கடிதத்தை ஒருவராவது படித்தீர்களா என்று பொரிந்து தள்ளினேன். முழுவதையும் கொட்டி முடித்த பிறகுதான் பீடாதிபதி, "மெடம், உங்கள் மைக் மூடியிருக்கிறது" என்றார். நான் கை வீசிக் கத்தியதை ஊமைப் படமாகப் பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை. அந்த வார்த்தைகள் போய்ச் சேர்ந்திருந்தால் காரியம் அன்றோடு கெட்டிருக்கும்.

மைக்கைத் திறந்து, மூச்சை விட்டு, நிதானமாகச் சொன்னேன்: பாட்டன் இல்லை, அப்பாவின் அண்ணன்.

"அப்படியானால் அங்கிள்" என்றார் புள்ளிவிபரவியல் பேராசிரியர். விதி என்றால் விதி என்பவர். தன் சொந்த மாணவனுக்கே ஒருமுறை இரக்கம் காட்டாதவர், அதனால் அவர் பேச்சுக்குச் சபையில் மதிப்பு. "விதியில் அங்கிள் இல்லை. இன்று அங்கிளைச் சேர்த்தால் நாளைக்கு அங்கிளின் சிநேகிதரும் வருவார்."

அங்கிள் என்கிற ஒரே சாக்குக்குள் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரையும் திணித்துக் கட்டிவிடுகிறது இந்த இங்கிலீஷ். மாமா வேறு, பெரியப்பா வேறு என்று அந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது? அப்போதே பத்து வருடமாக அந்தப் பாஷையில் பாடம் நடத்தி வந்தவள், அன்று எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. தவித்துப் போய்ச் சிங்களத்துக்குத் தாவினேன்.

"லொகு தாத்தா, சேர்."

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. லொகு தாத்தா என்றால் பெரியப்பா. சொல்லுக்குச் சொல் நம்முடையதேதான். என்னைத் தவிர அங்கே இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் சிங்களவர்கள், ஆனால் கூட்டம் தொடங்கியதிலிருந்து ஒருவர் வாயிலிருந்தும் சிங்களம் வரவில்லை, எல்லாம் இங்கிலீஷ்தான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"லொகு தாத்தா கெனெக்த?" என்றார். பெரியப்பாவா என்று கேட்கிறார். பிறகு சிங்களத்திலேயே, கொஞ்சம் கோபமாக, "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்றார்.

அதற்குப் பிறகு கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. ஒரு பெண்மணி, தன் கல்யாணத்தில் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தது லொகு தாத்தாதான் என்றார். பாட்டன்மாரைக் கிண்டல் செய்தவர், தன் லொகு தாத்தா கணக்குக்காகத் தன்னைப் புளிய மிலாறால் விளாசியதைச் சொன்னார். பீடாதிபதி மேசையைத் தட்ட வேண்டியதாயிற்று. சபைக்கு நியாயமென்று படுகிற வேறு காரணங்களையும் ஏற்கலாம் என்று விதியின் கடைசியில் ஒரு வரி இருப்பதை அவர் வாசித்துக் காட்டினார். பேராசிரியரே முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன். எதிர்த்து ஒரு குரல் இல்லை.

"சேர், கூட்டறிக்கையில் உறவுமுறையை என்னவென்று போடுவது?" என்று அலுவலகத்துப் பெண் கேட்டாள்.

"பிக் ஃபாதர் என்றே போடுங்கள். பிள்ளை சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்" என்றார் பேராசிரியர்.

அப்பாடா என்று இருந்தது. கணினியை மூடிவிட்டு நேரே குசினிக்குப் போய், ஆறிப்போன சோற்றில் பருப்பை ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டேன். பசி என்றால் அப்படி ஒரு பசி. அம்மா வந்து பார்த்துவிட்டு, "பெரட்டு முடிஞ்சிருச்சா?" என்றார். முடிந்தது என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

அவள் அந்தப் பாடத்தைப் புரொப்பராக எழுதினாள். முதல் வகுப்பு வந்தது. எங்கள் துறையிலேயே விரிவுரையாளராகச் சேர்ந்து, இன்று அதே பீடச் சபையில் உட்கார்ந்து, நான் சொல்வதையே எதிர்த்துப் பேசுகிறாள். நன்றாகவும் பேசுகிறாள். எரிச்சலாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று சாப்பிட்ட கையைக் கழுவியதும் அவளுக்குத்தான் போன் எடுத்தேன். "புரொப்பர்தான் புள்ள. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க" என்றேன். லயத்துத் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. சிக்னல் போய்விட்டதாக்கும் என்று, ஹலோ, ஹலோ என்றேன். பிறகு அவள் அழுவது கேட்டது. விம்மல் இல்லை, வாய் விட்டு, ஒப்பாரி போல.

"என்ன புள்ள, சந்தோஷத்துல அழுவுறியா?" என்றேன்.

"இல்லீங்க மிஸ்" என்றாள். "பெரியப்பா செத்ததுல இருந்து நான் அழவே இல்லீங்க. செத்தது எனக்கு யாருன்னு ஒங்க சபையில முடிவாகலயே, எப்புடி அழுவுறதுன்னு இருந்துச்சு."

"அப்பா மாதிரின்னு முடிவாயிருச்சு புள்ள. அழுதுக்க" என்றேன்.

"மாதிரி இல்லீங்க மிஸ்" என்றாள்.