ஆடாமல் வந்த கோப்பை

அந்த வருடம் எங்கள் கோயில் தேரன்று கடற்கரை அணியோடு எங்களுக்கு உதைபந்தாட்டம். தள்ளிவைக்கக் கேட்டோம், மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள். பிறகு ஆடி எங்களை வென்றார்கள், அது வேறு கதை.

புள்ளிக்கணக்கில் இறுதியாட்டத்துக்கும் நாங்களும் அவர்களுமே வந்தோம். லீக் குழு அதை அவர்களுடைய மாதா கோயில் பெருநாளில் வைத்தது. அவர்களின் தலைவர் சைக்கிளில் வந்து மாற்றித் தரும்படி கேட்டார்.

“திகதி போட்டாச்சு. இனி மாத்தேலாது,” என்றார் குழுச் செயலாளர். எங்கள் தேருக்காகத் திகதி மாற்றிய அதே மனிதர்!

அன்று மைதானத்தில் நாங்கள் மட்டும் நின்றோம். பந்து உருளவே இல்லை, கோப்பை எங்களுக்காம். வெட்கங்கெட்ட எங்கள் பொடியன்கள் மேளம் பிடித்துச் சுன்னாகம் சந்திவரை ஆடிக்கொண்டு போனார்கள்.

“வெண்டிட்டமடா!”

“ஆரையடா வெண்டனாங்கள்?” என்று கத்தினேன்.

மேளத்தை இன்னும் பலமாக அடிக்கச் சொன்னார்கள்.