வாடகை வீட்டுக்கு வந்த புளிய ஆப்பு

கள்ளக்குறிச்சியில் எங்கள் பழைய வீட்டை ஒரு தையல்காரர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். கல்வராயன் மலைப்பக்கமிருந்து காற்று வீசும் மாதங்களில் அதன் கதவுகள் தாமாக அறைந்து சாத்திக்கொள்ளும். தடுப்பு வாங்குவது என் பொறுப்பு. ரப்பர் ஆப்பு ஒரே கோடையில் உருகிப்போய், தலைமுடியும் செத்த எறும்பும் ஒட்டிய கறுப்புப் பிசினாகத் தரையில் கிடந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தேன். விரலில் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. இரும்புக் கொக்கி அடித்தால் காரை பெயர்ந்து விழுந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. முதல் நாள் காலை வாசல் கதவு அறைந்ததில் தையல்காரரின் நான்கு வயது மகளுக்கு ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கித் தொங்கியது. உடனே சேலம் போனால் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். ஊரைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறியல்காரர்கள் வழிவிடவில்லை; கார் திரும்பி வந்தது. விரல் நுனியை எடுத்துவிட்டார்கள்.

அந்த மரத்தை நான் படமெடுத்து, நிருபராக இருந்த நாளிதழுக்கு அனுப்பினேன். அடிமரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பட்டை, அதில் நெடுஞ்சாலைத் துறை கறுப்பில் எழுதிய 47 என்ற எண். கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்று எழுதினேன். இன்றும் அதையே எழுதுவேன். விரலைப் பற்றி எழுதவில்லை. கதவு எங்களுடையது.

சில மாதங்கள் கழித்து நான் அந்த வீட்டில் இருந்தபோது என் அண்ணன் ஒரு சாக்குப்பையோடு வந்தார். உள்ளே ஆறு மர ஆப்புகள்.

"இன்னாடா, ரப்பரு ரப்பருன்னு அலைஞ்சிக்கினு இருந்தியே. இது புளி. நெழல்ல காயவெச்சி செதுக்குனது. ஒன் பேரன் காலம் வரிக்கும் இருக்கும்."

"மரம் ஏது?"

"மறியலுக்கு வூட்டுக்கு ஒரு ஆளு வரணும்னாங்க. நம்ம வூட்டுக்கு நான் போனேன். வெட்டுனவங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு."

ஓர் ஆப்பில் மட்டும் மரப்பட்டை போகாமல் இருந்தது. அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு, அதில் கறுப்பாக அந்த 47இன் ஏழின் கால். காரைத் திருப்பி அனுப்பியபோது அவரும் அங்கே நின்றாரா என்று நான் கேட்கவில்லை.

"அந்தப் புள்ளைக்காகத்தான் மெனக்கெட்டு செஞ்சேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

தையல்காரரின் மனைவி அந்த ஆப்பை வாங்கி, சுண்ணாம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ரோட்டு மரமாங்க?"

"ஆமாம்மா. ஜாஸ்தி உறுதி" என்றார் அண்ணன்.

அந்த அம்மா வாசல் கதவைத் திறந்து, ஆப்பை அடியில் வைத்துக் குதிகாலால் தட்டினார். கதவு அசையவில்லை. அண்ணனை அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மாதிரி ஒண்ண முன்னயே வெச்சிருக்கலாமேங்க."

அடுத்த மாதம் காலி செய்தார்கள். வீட்டைக் கழுவி, ஆறு ஆப்புகளையும் துடைத்து ஜன்னலில் அடுக்கியிருந்தார்கள்.

பிறகு மூன்று குடித்தனங்கள் மாறிவிட்டன. கதவு நன்றாக நிற்கிறது, இந்த ஆப்பை எங்கே வாங்கினீர்கள் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். அண்ணன் செய்தது என்று மட்டும் சொன்னேன்.